இரண்டு மார்க்கில் எவ்வளவு தகுதி இருக்கிறது?

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து, இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கல் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் கேட்டதன் சுருக்கம் இது: பெரியப்பா மகனுக்கு கட்-ஆஃப் 194. கிண்டிப் பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கேட்டான், கிடைக்கவில்லை. அவனைவிடக் குறைந்த மார்க் வாங்கியவனுக்குக் கிடைத்துவிட்டது. பன்முகத்தன்மை, சமூகநீதி என்று சொல்லித் தகுதியைத் தளர்த்தினால் நாளைக்கு அவர்கள் கட்டும் பாலம் நிற்குமா என்று ஹாஸ்டலில் ராத்திரி பூரா சண்டை. பன்முகத்தன்மையால் பொறியியலுக்கு என்ன லாபம் என்றும் கேட்கிறார். இதற்கிடையில் அவருடைய தங்கை அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிறாள். 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் சேர்ந்தால் ‘கோட்டா’ என்று முத்திரை குத்திவிடுவார்கள், பொதுப் பிரிவிலேயே போகிறேன் என்கிறாள். “நீங்கள் பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்தியவர், சாதி பார்க்காமல் பதில் சொல்லுங்கள்” என்று முடித்திருக்கிறார்.

சாதியைப் பேசாமல் இந்தக் கேள்வியைத் தொடவே முடியாது, தம்பி. என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இடஒதுக்கீடு வேண்டும் என்ற கட்சிதான் நான். அந்தக் கட்சிக்காரர்கள் பேசாமல் நழுவும் சில விஷயங்களும் உண்டு. அவற்றையும் சொல்லத்தான் போகிறேன்.

கட்-ஆஃபிலிருந்து ஆரம்பிப்போம். 200க்குக் கணக்கு. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. இயற்பியலிலும் வேதியியலிலும் நூற்றுக்கு வாங்கியதைப் பாதியாக்குகிறோம். அந்த நூறிலும் எழுத்துத் தேர்வு 70தான். செய்முறை 20, அகமதிப்பீடு 10. அந்த 30 மார்க் எப்படி விழுகிறது என்பது பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் தெரிந்த சங்கதி, அதை நான் விளக்க வேண்டாம். கணிதத்தில் ஒரு ஒரு-மார்க் கேள்வியைத் தப்பாக எழுதினால் கட்-ஆஃபில் ஒன்று போகும். அதற்குள் எத்தனை பேர் முன்னே போய்விடுவார்கள் என்று ரேங்க் லிஸ்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 190க்கு மேலே ஒரே கட்-ஆஃபில் நூற்றுக்கணக்கான பேர் நிற்பார்கள். அவர்களை எப்படிப் பிரிக்கிறார்கள்? முதலில் கணித மார்க், அப்புறம் இயற்பியல் மார்க் என்று வரிசையாகப் பார்க்கிறார்கள். எல்லாம் சமமாக வந்தால் பிறந்த தேதி. வயதில் மூத்தவருக்கு முன்னுரிமை. அதுவும் சமம் என்றால் கம்ப்யூட்டர் போட்ட ரேண்டம் எண். ‘மெரிட் லிஸ்ட்’ என்று நாம் பயபக்தியோடு சொல்லும் பட்டியலில், ஒரு பையன் மே மாதம் பிறந்ததற்காக ஜூலையில் பிறந்தவனைவிடத் தகுதி கூடியவன் ஆகிவிடுகிறான்.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. இடம் குறைவு, ஆள் அதிகம் என்றால் எங்காவது கோடு போட்டுத்தான் ஆக வேண்டும். கோட்டுக்கு அந்தப் பக்கம் அறிவாளி, இந்தப் பக்கம் மண்டு என்று நம்பத் தொடங்குவதுதான் கோளாறு. நெல்மூட்டை நிறுக்கும் தராசில் தங்கம் நிறுத்த மாதிரி. மூட்டைக் கணக்குக்கு அந்தத் தராசு சரிதான். 2021இல் கொரோனாவால் பிளஸ் டூ தேர்வே நடக்கவில்லை. பத்தாம் வகுப்புக்கு 50, பதினொன்றுக்கு 20, பன்னிரண்டின் அகமதிப்பீடு, செய்முறைக்கு 30 சதவீதம் என்று கலந்து மார்க் போட்டார்கள். அந்த வருஷத்துப் பிள்ளைகள் படித்து முடித்து இன்று வேலையில் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து யாரும் “நீ பொதுத்தேர்வு எழுதாத இன்ஜினியர்தானே” என்று கேட்டு நான் கேட்டதில்லை.

இப்போது உங்கள் பெரியப்பா மகன். மாநிலத்தின் 69 சதவீதத்தில் பி.சி. 26.5, பி.சி. முஸ்லிம் 3.5, எம்.பி.சி. மற்றும் சீர்மரபினர் 20, எஸ்.சி. 15, அருந்ததியர் 3, எஸ்.டி. 1. மிச்சம் 31 சதவீதம் ஓ.சி. இந்த ஓ.சி. என்பது ‘முன்னேறிய சாதிகளுக்கான’ இடம் என்று படித்தவர்களே நினைக்கிறார்கள். அது எல்லோருக்கும் பொதுவான போட்டி. ரேங்கில் முன்னே நிற்கும் பி.சி., எம்.பி.சி., எஸ்.சி. மாணவர் யாரானாலும் முதலில் அந்த இடத்தில்தான் உட்காருவார். அது தீர்ந்த பிறகுதான் அவரவர் பிரிவு. டெல்டாவில் பெரும்பாலான குடும்பங்கள் ஏதோ ஒரு ஒதுக்கீட்டுப் பட்டியலில் இருப்பவைதான். உங்கள் பெரியப்பா மகனும் அநேகமாக அப்படித்தான் இருப்பார். அவருக்கு முன்னால் போனவர்களில் நிறையப் பேர் அவரைவிட அதிக மார்க் வாங்கியவர்கள் என்பதை வீட்டில் யாரும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். கண்ணில் பட்டது குறைந்த மார்க்கில் போன அந்த ஒரு பையன்தான். பெரிய கல்லூரிகளின் கிராக்கியான பிரிவுகளில் ஓ.சி.க்கும் பி.சி.க்கும் கட்-ஆஃப் வித்தியாசம் பெரும்பாலும் ஓரிரு மார்க்தான். எஸ்.சி., எஸ்.டி. பிரிவுகளில் இடைவெளி கூடுதல். அதை மறைக்க வேண்டியதில்லை, பின்னால் வருகிறேன்.

இன்னொன்று. இந்தச் சண்டையே மொத்த இடங்களில் ஒரு சின்னப் பங்குக்காக நடக்கிறது. ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரிகள் ஐந்நூறைத் தாண்டின. வருஷா வருஷம் ஆயிரக்கணக்கில் இடம் காலியாகக் கிடந்து, பல கல்லூரிகள் மூடப்பட்டன. தகுதி அடிபடுகிறது என்ற கூச்சல் அங்கே கிடையாது. தனியார் கல்லூரிகள் கவுன்சிலிங்குக்குக் கொடுப்பது 65 சதவீதம், சிறுபான்மை நிறுவனம் என்றால் 50. மிச்சம் மேனேஜ்மென்ட் சீட். அந்த சீட்டில் 140 கட்-ஆஃப் பையன் கம்ப்யூட்டர் சயின்ஸில் உட்கார்ந்தால், “அப்பா வசதியானவர்” என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. நான் பாடம் நடத்திய காலத்தில் மேனேஜ்மென்ட் சீட் மாணவன் யாரையும் சக மாணவர்கள் ‘கோட்டா’ என்று கூப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. தகுதிக்காகக் கவலைப்படுகிறவர்கள் இதற்கும் கவலைப்பட்டிருந்தால் அவர்கள் வாதத்துக்கு என்னிடம் மரியாதை கூடியிருக்கும்.

இந்த வழக்கு பழசு. 1951இல் உச்ச நீதிமன்றம் சாதி, மத வாரியாக இடங்களைப் பிரித்த சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணையை ரத்து செய்தது. சண்பகம் துரைராஜன் வழக்கு என்று எல்லோரும் மருத்துவக் கல்லூரியோடு சேர்த்து நினைவு வைத்திருக்கிறார்கள். அதே தீர்ப்பில் சீனிவாசன் என்று இன்னொரு மனுதாரர் இருந்தார். அவர் விண்ணப்பித்தது பொறியியலுக்கு. அந்தத் தீர்ப்புக்கு எதிராகத் தமிழ்நாட்டில் எழுந்த கொந்தளிப்பு, அதே ஆண்டு அரசியலமைப்பின் முதல் திருத்தத்துக்கும், பின்தங்கியவர்களுக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அனுமதிக்கும் 15(4) பிரிவுக்கும் ஒரு காரணம். 1994இல் 76ஆவது திருத்தம் 69 சதவீதச் சட்டத்தை, நீதிமன்றம் எளிதில் கைவைக்க முடியாத ஒன்பதாவது அட்டவணையில் வைத்தது. நுழைவுத் தேர்வு 1984இல் வந்து 2007 சேர்க்கையிலிருந்து இல்லாமல் போனது. நகரத்துக் கோச்சிங் சென்டருக்குப் போக முடியாத பிள்ளைகளுக்கு அது போனதில் நிம்மதி.

சரி, கல்லூரி வாசலுக்கு வெளியே என்ன நடக்கிறது என்று பார்க்காமல் வாசலில் காட்டிய மார்க்கை மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். நம் பக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2011 கணக்கெடுப்பில் திருவாரூர் மாவட்ட மக்களில் 34 சதவீதம் பட்டியல் சாதியினர், மாநிலத்திலேயே அதிகம். மாநில சராசரி 20, ஒதுக்கீடு அருந்ததியரையும் சேர்த்து 18. தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1952இல். குடியிருப்பு மனையைக் குடியிருப்பவருக்கே சொந்தமாக்கும் சட்டம் 1971இல். கூலித் தகராறில் 44 பேரை எரித்த கீழ்வெண்மணி 1968 டிசம்பரில். இன்று பிளஸ் டூ எழுதும் ஒரு பெண்ணின் தாத்தா, தான் பிறந்த குடிசை நின்ற தரைக்கே சொந்தக்காரர் இல்லை. இன்னொரு பெண்ணின் தாத்தா அதே ஊரில் மிராசுதார், மாமா பிலாய் எஃகு ஆலையில் இன்ஜினியர். இரண்டு பேரும் ஒரே வினாத்தாளை எழுதுகிறார்கள் என்பது உண்மைதான். ஒருத்திக்கு எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு, எந்தப் பயிற்சி என்று சாப்பிடும்போதே வீட்டில் பேச்சு நடக்கிறது. மற்றவளுக்கு அதைச் சொல்ல அந்தத் தெருவிலேயே ஆள் கிடையாது.

பொருளாதாரத்தையும் பருவத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2018 நவம்பர் 16 கஜா புயல். வேதாரண்யம், முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னை முழுக்கச் சாய்ந்து, பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. கூரை போன வீட்டிலிருந்து பிள்ளைகள் அடுத்த மார்ச்சில் பொதுத்தேர்வுக்குப் போனார்கள். கோயம்புத்தூரில் ஏ.சி. அறையில் படித்த பிள்ளையின் 185உம் அந்த வருஷத்து வேதாரண்யத்து 185உம் ரேங்க் லிஸ்டில் ஒன்றுதான். எனக்கு அது ஒன்றாகத் தெரியவில்லை. வேதாரண்யத்துப் பிள்ளையைத்தான் நான் என் வகுப்புக்குக் கேட்பேன், சமூகநீதிக்காகக்கூட இல்லை, ஒரு வாத்தியாரின் பேராசையில்.

இதைச் சரிக்கட்ட அரசு வேறு வழிகளும் பார்த்தது. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் கிராமப்புற மாணவர்களுக்கு 15 சதவீதம் என்று கொண்டுவந்தார்கள், 2001இல் உயர் நீதிமன்றத்தில் அது நிற்கவில்லை. 2010இல் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை வந்தது. என் கணிப்பில் டெல்டாவில் பொறியியலைப் பரவலாக்கியதில் இதற்கு இணையாக எதுவும் இல்லை. 2020இல் மருத்துவத்துக்கும், 2021இல் நீதிபதி முருகேசன் ஆணையப் பரிந்துரையின்படி பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீதம். உங்கள் தங்கையின் விஷயம் அதுதான்.

‘பாலம் நிற்குமா’ என்ற கேள்விக்கு வருகிறேன். ஒதுக்கீடு உள்ளே வருவதற்குத்தான், வெளியே போவதற்கு இல்லை. அண்ணா பல்கலைக்கழகத் தேர்வில் எல்லோருக்கும் ஒரே வினாத்தாள், ஒரே பாஸ் மார்க். விடைத்தாளில் டம்மி எண்தான் இருக்கும்; திருத்துகிறவருக்கு அது யாருடையது என்று தெரியாது. நானும் அப்படிக் கட்டுக்கட்டாகத் திருத்தியவன்தான். ஸ்ட்ரக்சுரல் டிசைனில் பாஸாகாமல் ஒருவன் பட்டம் வாங்கவே முடியாது. 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிட மதகுகள் உடைந்துபோனது நினைவிருக்கும். ஆர்தர் காட்டன் காலத்தில், 1836இல் கட்டியது. அப்போது அதன் வயதைப் பற்றியும் ஆற்றில் அள்ளிய மணலைப் பற்றியும்தான் ஊரெல்லாம் பேசினோம். பாலம் இடிந்த இடத்தில் போய்ப் பாருங்கள். சிமென்ட், கமிஷன், பராமரிப்பு, மணல் என்றுதான் காரணங்கள் வரும்.

அனுமானத்தை விட்டு, ஆராய்ந்து பார்த்தவர்களும் இருக்கிறார்கள். அஷ்வினி தேஷ்பாண்டேயும் தாமஸ் வைஸ்காஃபும் இந்திய ரயில்வேயின் 1980 முதல் 2002 வரையான தரவுகளை எடுத்து, எஸ்.சி., எஸ்.டி. ஊழியர் பங்கு கூடினால் உற்பத்தித் திறன் குறைகிறதா என்று கணக்கிட்டார்கள். குறைந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. மேல்நிலைப் பதவிகளில் சில கணக்குகளில் கூடியதாகவே தெரிந்தது. பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்த குடும்பங்கள் நம் பக்கம் நிறைய. அவர்களைக் கேட்டால் ஆய்வுக் கட்டுரை இல்லாமலேயே சொல்வார்கள்.

எதிர்த்தரப்புக்குச் சாதகமானதையும் சொல்ல வேண்டும். மரியான் பெர்ட்ரண்ட், ரெமா ஹன்னா, செந்தில் முல்லைநாதன் மூவரும் இந்தியப் பொறியியல் கல்லூரிச் சேர்க்கையை ஆராய்ந்து 2010இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒதுக்கீட்டில் கடைசியாக இடம் பிடித்தவர், அதனால் இடம் இழந்தவரைவிட வசதி குறைந்த குடும்பம். நுழைவுத் தேர்வில் மிகவும் பின்தங்கியிருந்தும் படிப்பால் அவர் வருமானம் நன்றாகவே உயர்ந்தது. “கோட்டாவில் வந்தவனால் படிக்க முடியாது, பணக்கார தலித்துக்குத்தான் பயன்” என்ற இரண்டு வாதங்களும் இதில் அடிபட்டுப் போகின்றன. ஆனால் இடம் இழந்தவருக்கு அதே படிப்பால் கிடைத்திருக்கக்கூடிய வருமான உயர்வு அதைவிட அதிகம் என்றும் அவர்கள் மதிப்பிட்டார்கள். ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுவது, ஒதுக்கீட்டில் வந்தவர்களில் குறைந்த பேர்தான் பொறியியல் வேலைக்கே போய்ச் சேர்கிறார்கள். உங்கள் பெரியப்பா மகனின் வருத்தத்துக்கு இதில் இடம் உண்டு. அதைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன்.

அந்தக் ‘குறைந்த பேர்’தான் என்னை உறுத்தும் விஷயம். ஏன் குறைகிறார்கள்? பெரிய இடைவெளியோடு உள்ளே வருகிற மாணவனை, வந்த பிறகு நாம் கைவிடுகிறோம். தமிழ்வழியில் முதல் மதிப்பெண் வாங்கியவன், முதல் செமஸ்டரில் மேட்ரிக்ஸும் கால்குலஸும் ஆங்கிலத்தில் ஓடும்போது பேந்தப் பேந்த முழிப்பான். இன்ஜினியரிங் கிராபிக்ஸில் டிராஃப்டர் என்ற வரைகருவியை வைத்துக்கொண்டு முன்தோற்றம், மேல்தோற்றம் எது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பான். இரண்டு அரியர் விழும். முதல் வருஷம் விழுந்த அரியர், மூன்றாம் வருஷம் கேம்பஸ் இன்டர்வியூ வரும்போது அவனை வாசலிலேயே நிறுத்திவிடும். நிறையக் கம்பெனிகள் அரியர் உள்ளவர்களை உள்ளே விடுவதில்லை. அவன் திறமை எங்கே போனது என்று அப்புறம் எல்லோரும் தேடுவார்கள். ஒதுக்கீட்டுக்காக மேடை போட்டுப் பேசுகிறவர்கள், சேர்க்கைப் பட்டியல் வந்ததும் வெற்றி என்று வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். எட்டாவது செமஸ்டரில் எத்தனை பேர் மிஞ்சினார்கள் என்று கேட்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. சாயந்திரம் ஒரு மணி நேரம் கணிதத்தைத் தமிழில் திரும்பச் சொல்ல ஒரு ஆள் போட்டால் இதில் பாதி சரியாகிவிடும். டிப்ளமோ முடித்து நேராக இரண்டாம் ஆண்டுக்கு வரும் பிள்ளைகளும் இப்படித்தான். கணிதத்தில் திணறுவார்கள், லேத் முன்னால் நின்றால் மற்றவர்களுக்கு அவர்கள்தான் வாத்தியார்.

கும்பகோணத்து ராமானுஜனை இரண்டு கட்சியும் இழுப்பதால் அவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். மற்றப் பாடங்களில் தோற்று அதை இழந்தார். பச்சையப்பன் கல்லூரி வழியாக எழுதிய எஃப்.ஏ. தேர்விலும் தோல்வி. பட்டமே இல்லாதவருக்கு 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. தேர்வுகள் தேவையில்லை என்று இதிலிருந்து முடிவு கட்டினால் அபத்தம். சராசரி பார்க்கும் தேர்வு சிலரைத் தவறவிடும், அப்போது விதியை வளைக்க ஒரு நிர்வாகத்துக்குத் துணிச்சல் வேண்டும் என்கிற அளவுக்குத்தான் அவர் சாட்சி.

பன்முகத்தன்மையால் பொறியியலுக்கு என்ன லாபம் என்றும் கேட்டிருந்தீர்கள். இது கொஞ்சம் அமெரிக்காவிலிருந்து வந்த வாதம். 1978இல் பக்கி என்ற கல்லூரிச் சேர்க்கை வழக்கிலிருந்து அங்கே நீதிமன்றம், வகுப்பறையில் பலவகை ஆட்கள் இருப்பது கல்விக்கு நல்லது என்ற காரணத்தைத்தான் ஏற்றுக்கொண்டு வந்தது. 2023 ஜூனில் ஹார்வர்ட் வழக்கில் அந்தக் கதவையும் கிட்டத்தட்டச் சாத்திவிட்டது. நம் அரசியலமைப்பு அந்தக் காரணத்தில் நிற்கவில்லை. மறுக்கப்பட்டதைத் திருப்பிக் கொடுப்பது இங்கே நோக்கம். ஒருவர் உள்ளே வர, மற்றவர்களுக்கு அவரால் லாபம் என்று நிரூபிக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

இருந்தாலும் லாபம் உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கரையில் மீனவர்களுக்குக் கட்டிய கான்கிரீட் வீடுகளைப் பாருங்கள். பல இடங்களில் நிழல் மரங்களை வெட்டிவிட்டு வரிசை வரிசையாகப் பெட்டிகள் வைத்தார்கள். திண்ணை இல்லை, வலை பின்ன இடம் இல்லை, மத்தியானம் உள்ளே இருக்க முடியாத வெக்கை. வரைபடம் போட்டவர்களின் கணக்கில் பிழை இருந்திருக்காது. அந்த அறையில் குப்பத்தில் வளர்ந்த ஒரு இன்ஜினியர் இருந்திருந்தால் முதல் நாளே கேட்டிருப்பார். கடைமடையில் வளர்ந்த பிள்ளை பொதுப்பணித் துறைக்குப் போனால், மேட்டூர் ஜூன் 12இல் திறந்தும் தன் ஊர் வாய்க்காலுக்குத் தண்ணீர் எப்போது வரும், வடிகால் எங்கே அடைக்கும் என்று, மதகு பார்க்கும் ஊழியரான லஸ்கரிடம் கேட்காமலே அவருக்குத் தெரியும்.

பெண்கள் விஷயத்தில் இதே சண்டை வேறு உடுப்பில் வருகிறது. கிண்டியில் பெண்களைச் சேர்க்க ஆரம்பித்ததே 1940இல், 1943இல் அ. லலிதா மின்பொறியியல் முடித்தார். ஐ.ஐ.டி.களில் பெண்கள் பத்து சதவீதம்கூட இல்லாமல் இருந்தபோது 2018இல் கூடுதல் இடங்கள் உருவாக்கினார்கள், ஆண்கள் இடம் ஒன்றும் குறையவில்லை, அப்போதும் தகுதி போச்சு என்றார்கள். இங்கே டெல்டாவில் கம்ப்யூட்டர், இ.சி.இ. வகுப்புகளில் பெண்கள் நிரம்பி இருக்கிறார்கள். மெக்கானிக்கலில் இல்லை. பெண்ணின் மூளைக்கு எந்திரம் ஒத்துவராது என்பவர்கள், அதே மூளைக்கு மைக்ரோபிராசசர் எப்படி ஒத்துவந்தது என்று சொல்ல வேண்டும். பட்டறையில் கழிப்பறை இல்லாதது காரணமா, மாப்பிள்ளை வீட்டார் காரணமா என்று உங்கள் வகுப்பில் இருக்கும் ஒன்றிரண்டு பெண்களையே கேளுங்கள்.

எங்கள் கட்சி நழுவும் இன்னொரு இடம், பட்டியல்களுக்கு உள்ளே இருக்கும் ஏற்றத்தாழ்வு. மூன்றாவது தலைமுறையாக டாக்டரும் இன்ஜினியருமாக இருக்கும் பி.சி. குடும்பமும், முதன்முதலாகப் பள்ளி தாண்டிய பி.சி. குடும்பமும் ஒரே வரிசையில் நிற்கின்றன. அருந்ததியருக்கு 2009இல் உள் ஒதுக்கீடு கொடுத்தோம். 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அப்படிப் பிரிப்பது செல்லும் என்றது. அந்தப் பேச்சை மேலே இருக்கும் சாதிகளுக்குள்ளும் நடத்த நமக்குத் தைரியம் வேண்டும். தமிழ்நாட்டில் அதை எடுத்தாலே ஓட்டுக் கணக்கு குறுக்கே வந்துவிடுகிறது.

கடைசியாகத் தங்கை. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5இல் தயங்காமல் போடச் சொல்லுங்கள். கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாயும் வரும். ‘கோட்டா’ என்று ஒருத்தி சொன்னால் அந்தப் பேச்சுக்கு ஆயுள் முதல் செமஸ்டர் ரிசல்ட் வரைதான். தலைமையாசிரியரிடம் படிப்புச் சான்றிதழை இப்போதே கேட்டு வாங்கி வையுங்கள், கவுன்சிலிங் சமயத்தில் அலையவிடுவார்கள். பொதுத்தேர்வு முடிந்ததும் கிடைக்கும் லீவில் நீங்களே உட்கார்ந்து மேட்ரிக்ஸும் டிஃபரன்சியேஷனும் அவளுக்கு ஆங்கிலப் புத்தகத்திலிருந்து சொல்லிக் கொடுங்கள். உங்கள் பழைய டிராஃப்டர் இருந்தால் அதையும் கொடுத்துவிடுங்கள், புதுசு வாங்க வேண்டாம்.